காக்கைகளுக்கு வைத்த வெற்றிலை பாக்கு

சேவூரில் கெங்கம்மாளை அறியாதவர்கள் இருக்கலாம். கெங்கம்மாளின் குரலை அறியாதவர்கள் இருக்க முடியாது. விடியற்காலையில் அவள் ஒரு ‘ஹோய்!’ கொடுத்தால் ஆரணி பஸ் ஸ்டாண்டில் படுத்திருக்கும் நாய் எழுந்து நிற்கும் என்று என் நண்பன் பன்னீர்செல்வம் சொல்லுவான். அவன் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட வேண்டும். ஆனாலும் நாய் காதையாவது தூக்கியிருக்கும்.

அந்தச் சத்தம் மனிதர்களை எழுப்புவதற்கு அல்ல, காக்கைகளை விரட்டுவதற்கு. நெசவுத் தெருவில் பட்டுப் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள இழைகளை, நீட்டுவது விடியலில்தான். வெயில் ஏறினால் இழை வறண்டு அறும். அதனால் இருட்டு பிரியும்போதே தெருவின் இந்த முனையில் ஒரு கட்டை, அந்த முனையில் ஒரு கட்டை, நடுவில் குறுக்குக் கழிகள் என்று நட்டு, ஆயிரக்கணக்கான இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்து, எட்டு மணிக்குள் சுருட்டிவிடுவார்கள். அந்த நேரத்தில் மேலே மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் ஒரு காக்கை எச்சம் போட்டால் போதும். அரக்குப் பாவில் விழுந்த வெள்ளைக் கறையை எந்தச் சாமி வந்தாலும் எடுக்க முடியாது. கல்யாணப் புடவைக்கான பாவாக இருந்தால் பெண் வீட்டார் சகுனம் வேறு பார்ப்பார்கள். ஆகவே தெருவுக்கு ஒரு காவல் வேண்டும். நுனியில் கறுப்புத் துணி கட்டிய நீண்ட மூங்கில் கையிலும், கூழாங்கற்கள் மடியிலுமாக அந்தக் காவலுக்கு நின்றவள்தான் கெங்கம்மாள்.

பிறந்தது சேத்துப்பட்டுப் பக்கம். பதினேழு வயதில் சேவூருக்கு வாழ வந்தாள். கணவர் பலராமன் தறியில் உட்கார்ந்தால் குறுக்கே ஓடும் நாடா பேசும், அவர் பேச மாட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து இவளே பேசிவிடுவதால் குடும்பத்தில் குறை ஒன்றும் இல்லை. ஒரே மகளைக் கலசப்பாக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள்.

அவளுடைய தகப்பனார் அய்யாக்கண்ணு கடைசிக் காலத்தில் மகள் வீட்டோடுதான் இருந்தார். 1971இல் போய்ச் சேர்ந்தார். மனிதர் வடைப் பிரியர். பந்தியில் இலை போட்டுத் தண்ணீர் தெளிப்பதற்குள் வடை எங்கே என்பார். தன் வடையை முடித்துவிட்டுப் பக்கத்து இலையை நோட்டம் விடுவார். கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்கார ஆள் பிடிப்பதே பெரும்பாடு. கெங்கம்மாள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள், சிரித்து முடிக்கும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அப்பா போன நாளிலிருந்து தினமும் மதியம் வீட்டு மதிலில் அவருக்கென்று ஒரு கைச் சோறு வைத்து, ‘கா... கா...’ என்று கூப்பிட்டுவிட்டுத்தான் அவள் தன் தட்டில் கை வைப்பாள்.

இனி என் பொய்க்கு வருகிறேன்.

நான் தங்கவேலு, விலங்கியல் வாத்தியார். 1976இல் ‘சேவூர் இயற்கை நண்பர்கள் கழகம்’ என்று ஒன்றை ஆரம்பித்தேன். தொடக்க விழாப் போட்டோவில் இருபத்தேழு பேர் இருந்தோம். மூன்று வருஷத்தில் மூன்று பேர் ஆனோம். நான், சைக்கிள் கடை பன்னீர்செல்வம், தபால் ஆபீஸ் ஜெயச்சந்திரன். பன்னீர்செல்வம் வந்தது போண்டாவுக்காக. ஜெயச்சந்திரன் வந்தது அவன் வீட்டில் மாமியார் இருந்ததற்காக. கழகத்தின் சொத்து ஒரு பெயர்ப் பலகை, ஒரு பூட்டு, ஒரு பக்கம் பூஞ்சை பிடித்த பைனாகுலர்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பத்திரிகையில் பார்த்தேன். சின்ன ஊர்களின் இயற்கைக் கழகங்களுக்கு ஒரு வருஷம் தங்கி வேலை செய்ய வெளிநாட்டுத் தொண்டர்களை அனுப்பும் அமைப்பு ஒன்று விண்ணப்பம் கேட்டிருந்தது. விண்ணப்பத்தில் ‘உறுப்பினர் எண்ணிக்கை’ என்று ஒரு கட்டம். மூன்று என்று எழுதக் கை கூசியது. இருநூறு என்று எழுதினேன். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய் என்கிறார்களே, நான் ஒரே ஒரு பொய்தான் சொன்னேன்.

1979 ஜூன் மாதம், முதுகில் ஒரு மூட்டையோடு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கினாள் ஹன்னா. டென்மார்க் நாட்டுக்காரி, வயது இருபத்தைந்து. வேலூரில் நாலு மாதம் தமிழ் படித்துவிட்டு வந்திருந்தாள். புத்தகத் தமிழ். இறங்கியதும் கைகூப்பி, “தங்கள் கழகத்தின் இருநூறு உறுப்பினர்களையும் நான் எப்பொழுது காணலாம்?” என்றாள். பன்னீர்செல்வத்துக்குப் போண்டா தொண்டையில் நின்றுவிட்டது.

உண்மையைச் சொன்னேன். எனக்கு வேறு வழி இருக்கவில்லை. அவள் பூட்டைப் பார்த்தாள், பைனாகுலரைப் பார்த்தாள், எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

“எங்கள் ஊர்க் கழகத்தில் நாங்கள் ஐந்து பேர். நான் இங்கே வந்துவிட்டேன். ஆகவே இப்பொழுது நான்கு.”

திரும்பிப் போய்விடுவாள் என்று பயந்திருந்த எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. ஆனால் அவள் இன்னொன்றையும் சொன்னாள். மெட்ராஸிலிருந்து அமைப்பின் அதிகாரி செப்டம்பரில் பார்வையிட வருவார். கழகம் என்று ஒன்று நடப்பதாக அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஆளும் இல்லை, வேலையும் இல்லை என்றால் அன்றைக்கே அவளை வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். கழகமும் அத்தோடு முடிந்தது.

வேலை காட்ட வேண்டும் என்றால் மரம்தான். ஆகஸ்டில் வனத்துறை நாற்றுப் பண்ணையிலிருந்து புங்கையும் வேம்புமாக முப்பத்திரண்டு கன்றுகள் வாங்கி வந்தோம். நெசவுத் தெருவின் இரு பக்கமும் ஹன்னாவே கடப்பாரை பிடித்துக் குழி தோண்டினாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளம். தெரு ஜனங்கள் மரியாதையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மௌனம் சம்மதம் என்று சொன்னவன் எங்கள் தெருவுக்கு வந்ததே கிடையாது.

நாலாம் நாள் காலையில் கதவைத் திறந்தால் முப்பத்திரண்டு கன்றுகளும் என் வாசலில் வரிசையாகப் படுத்திருந்தன. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நேராகத் தெரு நடுவில் போய் நின்று, “எவன்டா பிடுங்கினது?” என்று கத்தினேன்.

“எவனும் இல்லீங்க. நான்தான்” என்று மூங்கிலோடு வந்தாள் கெங்கம்மாள். “இன்னாத்துக்கு வாத்தியாரே காலங்காத்தால கத்திகினு கீறீங்க? செடி மேல எனக்கு இன்னா கோவம்? நல்லா பாருங்க, வேர் காயக்கூடாதுன்னு ஈரச் சாக்கு சுத்தித்தான் வெச்சேன்.”

உண்மைதான். ஒவ்வொரு வேரிலும் ஈரச் சாக்கு சுற்றியிருந்தது.

“மரம் வந்தா காக்கா வரும். காக்கா வந்தா பாவு போச்சு. கறை வுழுந்தா கெங்கம்மா இன்னா புடுங்கிகினு இருந்தாள்னு தெருவே என்னத்தான் கேக்கும். இப்பவே கம்பி கொள்ளாத காக்கா. இன்னும் முப்பது மரத்துல வந்து குந்திகினா நான் ஒருத்தி எத்தினி கல்லு வுடுவேன்? பெரிய பேஜார் வாத்தியாரே இது.”

என் பின்னாலேயே வந்திருந்த ஹன்னா மெல்லக் கேட்டாள்.

“அக்கா, இந்தத் தெருவில் மரமே இல்லை. பிறகு ஏன் இத்தனை காக்கைகள்?”

கெங்கம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் பேச்சு நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“அது... வருதும்மா. காக்காவுக்கு வேற இன்னா வேலை?”

“நாளை நான் தங்களுடன் நின்று எண்ணலாமா?”

“தங்களா? நான் ஒருத்திதானே நிக்கிறேன். வந்து நில்லு. மடியில கல்லு மட்டும் நெறைய எடுத்தா.”

கன்றுகளை என் வீட்டுக் கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் காட்டிவந்தேன். மறுநாளிலிருந்து பதினெட்டு நாள் விடியலில் ஹன்னா நோட்டுப் புத்தகத்தோடு கெங்கம்மாள் பக்கத்தில் நின்றாள். அப்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. எங்கள் கழகம் மூன்று வருஷத்தில் பதினோரு பறவைகளின் பெயரைப் புத்தகத்தைப் பார்த்து எழுதி வைத்திருந்தது. கெங்கம்மாளுக்குத் தெருக் காக்கைகள் நாற்பத்து மூன்றையும் ஆள் ஆளாய்த் தெரியும். முதலில் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போய் மற்றதை அழைத்து வருவது ‘போலீசு’. ஓரமாய் ஒதுங்கி உட்காருவது ‘புது மருமக’. வலது இறக்கையில் ஒற்றை வெள்ளை இறகு உள்ளது ‘ரவுடி’.

“அவன்தான்மா என் சத்துரு” என்று ஹன்னாவுக்குக் காட்டினாள். “குனிஞ்சா பறந்துடுவான், நிமிந்தா வந்துடுவான். எத்தினி வருஷமா என் உயிரை எடுத்துகினு கீறான் தெரியுமா? ரெண்டு வாட்டி அடியே வாங்கிகினான், புத்தி வரல.”

ஹன்னா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். பகலில் தனியாகவும் போய் எண்ணினாள். மத்தியானம் எண்ணினாள், ஏரிக்கரையிலும் போய் எண்ணினாள். பத்தொன்பதாம் நாள் ஒரு பெரிய காகிதத்தில் தெருவை வரைந்து, காக்கை உட்காரும் இடங்களில் எல்லாம் புள்ளி வைத்துக் கொண்டுவந்தாள். என் வீட்டுக் கூடத்தில் அதை விரித்தோம். தெருவுக்கு அம்மை போட்ட மாதிரி இருந்தது. ஆனால் புள்ளிகள் பரவலாக இல்லை. கொத்துக் கொத்தாக, வீட்டு மதில்களிலும் அவற்றுக்கு நேர் மேலே கம்பியிலும் மட்டும் இருந்தன. அதிலும் ஒரு மதில் மேல் ஒன்பது புள்ளி. ஏரிக்கரையில் மொத்தமே நாலுதான்.

“இந்த ஒன்பது யார் வீடு அக்கா?”

கெங்கம்மாள் குனிந்து பார்த்தாள். ஒன்று, இரண்டு என்று வீடுகளை விரலால் எண்ணினாள். விரல் அவள் வீட்டில்தான் போய் நின்றது.

“மதியம் எல்லா வீட்டிலும் மதிலில் சோறு வைத்து வா, வா என்று அழைக்கிறீர்கள். உங்கள் கை பெரிய கை. காக்கைகள் மதியச் சோற்றுக்குக் காலையிலேயே வந்து இடம் பிடிக்கின்றன. காலையில் நீங்கள் போ, போ என்கிறீர்கள்.”

பன்னீர்செல்வம்தான், “அப்ப இத்தினி நாளா ஒரு கைல சோறு, ஒரு கைல கல்லா?” என்றான். பரம்பரை பரம்பரையாக ஒரு தெருவே செய்துவந்த காரியம். ஒருத்தருக்கும் தோன்றவில்லை. விலங்கியல் வாத்தியாருக்கும்தான். நானும் என் வீட்டு மதிலில் வைத்துக்கொண்டுதானே இருந்தேன்!

கெங்கம்மாள் காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் இரண்டு நாள் தெருவில் ‘ஹோய்’ இல்லை. மூங்கிலை மட்டும் ஆட்டிக்கொண்டு நின்றாளாம். மூன்றாம் நாள் பலராமன் என் வீட்டுக்கே வந்துவிட்டார். “அவள இன்னா பண்ணீங்க? வூடே செத்தாப்பல கீது” என்றார். அவர் குரல் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அவர் பின்னாலேயே கெங்கம்மாளும் வந்து நின்றாள்.

“வாத்தியாரே, யோசிச்சுப் பார்த்தேன். தெருக் கடைசில ஏரிக்கரையோரம் வெறும் நெலம் கீதில்ல, செடிங்கள அங்க நட்டுடுங்க. சோத்தையும் இனிமே அங்கியே கொண்டுபோய் வெச்சுடறோம். காக்காங்க அந்தப் பக்கமே போயிடும். மரமும் வரும், பாவும் பொழைக்கும், இந்தப் பொண்ணும் எங்கியும் போவ வேணாம்.” அப்புறம் குரல் தாழ்ந்தது. இத்தனை தாழ்ந்த குரல் அவளிடம் இருந்ததே எனக்குத் தெரியாது. “ஆனா ஒண்ணு. எங்கப்பா எட்டு வருஷமா மதிலுக்கு வந்து சாப்ட்டவரு. எடத்த மாத்தினா வருவாராங்க?”

காக்கைகளின் உணவுப் பழக்கத்தைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். ஹன்னா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “தெரியவில்லை அக்கா. கூப்பிட்டுப் பார்க்கலாம்” என்றாள். பதினைந்து வருஷம் படித்தவன் சொல்லியிருக்க வேண்டிய பதில் அது.

கன்றுகளை ஏரிக்கரையில் நட்டோம். இந்தத் தடவை பலராமனும் கடப்பாரை பிடித்தார். ஆனால் தெரு சம்மதிக்க வேண்டுமே. கெங்கம்மாள் பொதுக் குழாயடியில் பெண்களைக் கூட்டினாள். முதலில் எகிறியவள் எதிர் வீட்டுக் கிருஷ்ணம்மாள்.

“எங்க மாமனாருக்கு மூட்டு வலி. வூட்டு வாசலுக்கே கோல் ஊனிகினு வந்த மனுஷன். ஏரிக்கரை வரைக்கும் எப்படிடி வருவாரு?”

“காக்காவா வரவருக்கு மூட்டு இன்னா, முழங்காலு இன்னா? பறந்து வருவாருடி.”

“எடம் தெரியாம அலைஞ்சா?”

“சொல்லிட்டு வெப்போம். நீ வூடு மாத்தினா சொந்தக்காரங்களுக்குச் சொல்ல மாட்டே?”

வாதம் ஒரு மணி நேரம் ஓடியது. கடைசியில் கிருஷ்ணம்மாள் இடுப்பில் குடத்தை ஏற்றிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

“வர மாளய அமாவாசைக்கு வெச்சுப் பாப்போம். காக்கா வந்து தொட்டா சரி. வரலேன்னா மறுநாளே பழைய மதிலு. அந்தச் செடிங்கள நானே புடுங்கி எங்க ஆட்டுக்குப் போட்டுடுவேன், ஆமா.”

அன்று சாயங்காலமே ஜெயச்சந்திரன் தபால் ஆபீஸிலிருந்து ஒரு கடிதத்தோடு ஓடிவந்தான். மெட்ராஸ் அதிகாரி வரும் தேதி குறித்திருந்தார்கள். அதே மகாளய அமாவாசை. பட்ட காலிலே படும் என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். செடி நிற்குமா ஆட்டுக்குப் போகுமா, ஹன்னா இருப்பாளா போவாளா, எல்லாம் ஒரு காக்கையின் மூக்கில் வந்து நின்றது.

அமாவாசைக்கு முந்தின நாள் கெங்கம்மாள் தலை குளித்து, கல்யாணத்துக்குக் கட்டிய கத்தரிப்பூப் புடவையைக் கட்டிக்கொண்டு, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் எடுத்து வைத்தாள். ஒவ்வொரு வீட்டு மதில் முன்னாலும் போய் நின்றாள். மதிலில் வெற்றிலை பாக்கை வைத்தாள். பிறகு கம்பியை அண்ணாந்து பார்த்து, அந்த இரண்டு நாள் அடக்கிய குரலை எல்லாம் சேர்த்துக் கொட்டினாள்.

“பெரியவங்களே! நாளைக்கு எல பந்தி ஏரிக்கரைல! இனிமே அங்கதான்! பழைய எடம்னு இங்க வந்து காத்துகினு இருக்காதீங்க! ஊருக்குப் புதுசா வந்த பொண்ணு அழைக்குது, மறுக்காம வந்துடுங்க!”

தாம்பாளத்தை ஹன்னா பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் பின்னால் போனாள். கம்பியில் இருந்த காக்கைகள் தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டன. காலமெல்லாம் கல்லால் அடித்தவள் வெற்றிலை பாக்கு வைத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

மறுநாள் மதியம் ஏரிக்கரையில் தெருவே கூடியது. வீட்டுக்கு ஓர் இலை. இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய், வடை. கன்றுகளை ஒட்டி வரிசையாகப் போட்டுவிட்டு எல்லோரும் பின்னால் தள்ளி நின்றார்கள். கூப்பிட்டார்கள். அத்தனை தொண்டைகளும் சேர்ந்து ‘கா... கா...’ என்றன. ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டரை ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அமாவாசை விரதம், காக்கை தொடாமல் யாரும் சாப்பிட முடியாது. பிள்ளைகள் சிணுங்கின. பன்னீர்செல்வத்தின் வயிறு போட்ட சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கிருஷ்ணம்மாள் கன்றுகளைப் பார்ப்பதும் தன் ஆட்டைப் பார்ப்பதுமாக இருந்தாள். கெங்கம்மாள் மட்டும் அசையவில்லை. உதடு வெளுத்துப்போய், வானத்தைப் பார்த்தபடி, “ப்பா... ப்பா...” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். ஒரு சோற்றுப் பருக்கைக்காக ஒரு மனுஷி அப்படித் தவிப்பதை நான் பார்த்ததில்லை. நான் நாத்திகன் என்று சொல்லித் திரிந்தவன். ஏதாவது ஒன்று வந்துவிடேன் என்று அன்றைக்கு மனதார வேண்டிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி, தோல் பை. மெட்ராஸ் அதிகாரி இறங்கினார். ஏரிக்கரையில் ஆணும் பெண்ணும் குஞ்சும் குளுவானுமாக ஒரு ஊரே மூச்சுக் காட்டாமல் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நிற்பதைப் பார்த்ததும் அவர் அப்படியே நின்றுவிட்டார். ஹன்னா ஓடிப்போய் வரவேற்றாள். அவர் என்னிடம் வந்து ரகசியக் குரலில் கேட்டார்.

“மிஸ்டர் தங்கவேலு, இவர்கள் எல்லாரும் பறவை பார்க்கிறார்களா?”

அந்த நொடியில் எனக்குப் பொய் சொல்லத் தெம்பு இல்லை. “சார், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பத்தில் நான் இருநூறு என்று எழுதியது...”

“உஸ்!” என்று திரும்பினாள் கெங்கம்மாள். “யாருங்க அது பேசிகினு? வரது பயந்துகினு பறந்துடும்!”

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் வந்து எங்கள் பக்கத்தில் நின்று அவரும் அண்ணாந்து பார்த்தார்.

முதலில் ‘போலீசு’ வந்தது. ஒரு வட்டம் அடித்துவிட்டுத் தெருப் பக்கமே திரும்பிப் போய்விட்டது. கூட்டத்தில் ஒரு பெருமூச்சு எழுந்தது. அது அடங்குவதற்குள் தெருவின் மேலாக ஒற்றைக் காக்கை ஒன்று நேரே பறந்து வந்து கெங்கம்மாளின் இலைக்கு முன் இறங்கியது. வலது இறக்கையில் வெள்ளை இறகு. ரவுடி.

கெங்கம்மாளின் கை பழக்கத்தில் மடிக்குப் போனது. மடியில் கல் இல்லை.

ரவுடி இலையைச் சுற்றி நடந்தான். சோற்றைப் பார்த்தான், தொடவில்லை. பருப்பைத் தொடவில்லை. தலையைச் சாய்த்து ஒரு கணம் பார்த்துவிட்டு வடையைக் கொத்தினான். முழு வடையையும் ஓரமாக இழுத்துப் போய், அவசர அவசரமாக உள்ளே தள்ளினான். தின்று முடித்ததும் நேரே பக்கத்து இலைக்கு, கிருஷ்ணம்மாளின் இலைக்கு, தத்தித் தத்திப் போனான். அங்கேயும் சோற்றைத் தொடாமல் வடையைத் தூக்கினான்.

கெங்கம்மாள் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தி நிற்கிற வாயா அது?

“ஐயோ, எங்கப்பா! எங்கப்பன்தான்டி! வடை! பக்கத்து எல வடை!” அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். “இத்தினி வருஷமா உன்னையா கல்லால அடிச்சேன்! நெதம் வெச்சுட்டு உள்ள போயிடுவேனே, ஒரு நாள் நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்குமே. ரெண்டு வாட்டி அடி வாங்கிகினும் திரும்பத் திரும்ப வந்தியேப்பா!”

அழுதாளா சிரித்தாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டும்தான். பலராமன் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக் கொடுத்தார். கிருஷ்ணம்மாள் தன் இலையில் வடை போன இடத்தைப் பார்த்து, “அதே மனுஷன்தான். எங்க கல்யாணத்துலயும் இதே வேலைதான் பண்ணாரு” என்று சொல்லி முடிக்கவில்லை, ஏரிக்கரையே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு ரவுடி பறக்கவில்லை. அவன் பின்னால் ஒவ்வொன்றாக மற்றவையெல்லாம் வந்து இறங்கின. ஒவ்வொரு இலைக்கும் ஒரு கூட்டம் அழுதது, சிரித்தது. கிருஷ்ணம்மாளின் ஆடு வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போனது.

அதிகாரிக்கும் அங்கேயே ஓர் இலை போட்டோம். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு என்னை அழைத்தார்.

“நீங்கள் விண்ணப்பத்தில் எழுதிய எண்ணிக்கை தவறு” என்றார். “நான் காத்திருந்தபோது எண்ணினேன். இருநூற்றுப் பதினான்கு.”

ஹன்னா அடுத்த ஜூன் வரை எங்களோடு இருந்தாள். அந்த வருஷமே கழகத்துக்குக் கெங்கம்மாள் தலைவி ஆனாள். கூட்டங்களில் பறவைகளைத் தவிர எல்லாவற்றையும் பேசினார்கள், ஆனால் யாரும் வராமல் இருந்ததில்லை. தெருக் கம்பியில் காலைக் காக்கை நாற்பத்து மூன்றிலிருந்து ஆறுக்கு இறங்கியது. பாவில் கறை விழுவது அபூர்வமாயிற்று. மூங்கிலை அவள் விடவில்லை. ரவுடி தெருப் பக்கம் வந்தால் மட்டும் கல் எடுக்க மாட்டாள். “நட நட, அங்க போய் இருப்பா, இதோ வரேன்” என்பாள். 1983 மழைக்கு அப்புறம் அவன் வரவில்லை. ஒரு வாரம் அவள் முகம் வாடியிருந்தது. பிறகு, “வேற சட்டை மாத்திகினு வருவாரு” என்று தானே தேறிக்கொண்டாள். புங்கைகள் ஆள் உயரம் தாண்டின. வேம்பில் மூன்று போயிற்று, மற்றது நின்றது.

1986இல் டென்மார்க்கிலிருந்து ஒரு கடிதம் வந்தது. விலாசம் கெங்கம்மாளுக்கு. வாசிக்க என்னைக் கூப்பிட்டாள். ஹன்னாவின் அப்பா போய்விட்டார். அவள் எழுதியிருந்தாள்:

‘அக்கா, நான் மாடியில் கைப்பிடிச் சுவரின் மேல் ரொட்டி வைத்தேன். மெதுவாக அழைத்தேன். ஒன்றும் வரவில்லை. எங்கள் ஊர்க் காக்கைகள் சாம்பல் நிறம். ஒருவேளை இவை வேறு வகையோ? அவருக்கு என் வீடு தெரியாமல் இருக்குமோ?’

கெங்கம்மாள் என் கையில் பேனாவைத் திணித்து, “எழுதுங்க வாத்தியாரே” என்றாள். அவள் சொன்னதை அப்படியே எழுதினேன்.

“சாம்பல் கலரா இருந்தா இன்னாம்மா, குளுரு ஊருக்கு ஏத்த சட்டை போட்டுகினு வராங்க. நீ மெதுவா கூப்ட்டா எப்படி வருவாங்க? சத்தமா கூப்புடு. பக்கத்து வூட்டுக்காரங்க பாத்தா பாக்கட்டும். மொதநாளே வெத்தலை பாக்கு வெச்சு எடத்தைச் சொல்லு. வெத்தல கெடைக்கலேன்னா நீங்க இன்னா குடுத்து அழைப்பீங்களோ அத வை. ரொட்டி மட்டும் வெக்காதே, உங்கப்பாவுக்கு எது ரொம்பப் புடிக்குமோ அதையும் வை. வெச்சுட்டு உள்ள போயிடாதே, கண்ணு. நின்னு பாரு. நான் எட்டு வருஷம் நிக்காம போயிட்டேன்.”

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. சேதி நாலே வரி. முதல் நாள் மாலையில் கைப்பிடிச் சுவரின் மேல் பூவும் காபியும் வைத்து அழைத்தாளாம். மறுநாள் கத்திய கத்தலில் எதிர் மாடிகளில் எல்லா ஜன்னலும் திறந்துவிட்டனவாம். சாம்பல் காக்கை ஒன்று வந்து இறங்கி, ரொட்டியைத் தொடவே இல்லையாம். அவள் அப்பாவுக்குப் பிடித்த ஊறுகாய் மீனை மட்டும் எடுத்துக்கொண்டு போயிற்றாம்.

அந்தக் கடைசி வரியை நான் மூன்று தடவை வாசித்துக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை முடிந்ததும் கெங்கம்மாள் கடிதத்தை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, ஏரிக்கரைக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பினாள். எப்போதும் அப்பாவுக்கு ஓர் இலைதான். அன்றைக்கு அவள் கையில் இரண்டு இலை இருந்தது.